ஆறு வோல்ட் காரில் செல்ஃப் தடுமாறுகிறதா? பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஃபோர்டு மாடல் ஏ, 1954 வரை வந்த செவர்லே, 1955 வரை வந்த அமெரிக்க ஃபோர்டு, போர்க்கால வில்லிஸ் ஜீப், 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில், மாரிஸ் 8, ஆஸ்டின் 7 ஆகிய எல்லாமே ஆறு வோல்ட் வண்டிகள். செல்ஃப் (எஞ்சினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சரியாக இழுக்கவில்லை என்றதும் இவற்றின் சொந்தக்காரர்கள் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள். புதிய பேட்டரி போட்டும் இழுக்காவிட்டால், பன்னிரண்டு வோல்ட்டுக்கே மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே வீண் செலவு. அதே வேலையைச் செய்ய ஆறு வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும். அதனால் மெல்லிய கேபிள், துருப்பிடித்த எர்த், தளர்ந்த கிளாம்ப் எதையும் அது பொறுக்காது. பன்னிரண்டு வோல்ட் காரில் அரை வோல்ட் வழியில் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே அதே அரை வோல்ட் பன்னிரண்டில் ஒரு பங்கு.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஹைட்ரோமீட்டர், ஒயரோடு ஹோல்டரில் மாட்டிய ஆறு வோல்ட் 5 வாட் பல்பு, கம்பி பிரஷ், உப்புத்தாள், ஆப்ப சோடா, டிஸ்டில்டு வாட்டர், பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை. டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது. ஏசி மட்டும் காட்டும் கிளாம்ப் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

ஸ்பேனரை எடுக்கும் முன் உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்தப் பக்கம் எர்த், அதாவது சேஸிஸோடு இணைந்தது, என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோர்டு, பிளிமத், டாட்ஜ் ஆறு வோல்ட் கார்களில் பாசிட்டிவ் எர்த். செவர்லே, வில்லிஸ் ஜீப், பீட்டிலில் நெகட்டிவ் எர்த். எதுவானாலும் கழற்றும்போது எர்த் கிளாம்ப் முதலில் வர வேண்டும், மாட்டும்போது கடைசியில் போக வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ் கிளாம்ப். பழக்கத்தில் மைனஸில் ஸ்பேனர் வைத்து, அது சேஸிஸில் பட்டால் பொறி பறக்கும். சார்ஜில் இருந்து இறக்கிய பேட்டரிமேல் வாயு நிற்கும் நேரமாக இருந்தால் வெடிக்கவும் கூடும்.

அளவுகள்: இந்த எண்களோடு ஒப்பிடுங்கள்

சார்ஜ் முடிந்து குறைந்தது நாலு மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் பார்க்க வேண்டிய அளவுகள் இவை. கிராவிட்டி என்பது ஹைட்ரோமீட்டர் காட்டும் ஆசிட்டின் அடர்த்தி.

6.3 வோல்ட், கிராவிட்டி 1260 பக்கம்: முழு சார்ஜ்.
6.2 வோல்ட், 1225 பக்கம்: முக்கால்.
6.1 வோல்ட், 1190 பக்கம்: பாதி.
6.0 வோல்ட், 1155 பக்கம்: கால்.
5.9-க்குக் கீழே: காலி.

வெப்ப நாடுகளுக்காக 1240 ஆசிட் ஊற்றிய பேட்டரி முழு சார்ஜிலும் 6.25 வோல்ட்தான் காட்டும். அது குறையல்ல. கிராவிட்டி 27 டிகிரி செல்சியஸுக்குச் சொன்ன கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 7 புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். 37 டிகிரி ஆசிட்டில் 1250 காட்டினால் உண்மையில் அது 1257.

அறிகுறி 1: செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது

அதிகம் வரும் புகார் இது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாதது முதலில், செலவு கூடியது கடைசியில்.

*ஓய்வில் 6.2-க்குக் கீழே இருந்தால்*

வேறு எதையும் தொடாதீர்கள். முதலில் சார்ஜ் போடுங்கள். 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு 5 ஆம்பியர் நல்ல அளவு, 10-ஐத் தாண்ட வேண்டாம். மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை ஏறாமல் அதே அளவு நின்றால் முழு சார்ஜ். பேட்டரியின் மூன்று அறைகளில் (செல்) ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட 50 புள்ளி குறைவாக நின்றால் அந்த அறை போய்விட்டது. அந்தப் பேட்டரிமேல் இனி நேரம் செலவழிக்க வேண்டாம். மூன்றும் சமமாக ஏறினால் பேட்டரி நல்லது. அது ஏன் இறங்கியது என்பதுதான் கேள்வி. அறிகுறி 4-க்கும் 5-க்கும் போங்கள்.

*6.2-க்கு மேல் இருந்தும் சோம்பல்*

இக்னிஷன் காயிலுக்குப் போகும் சிறிய ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி பத்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது பேட்டரியின் இரண்டு போஸ்டிலும் (கிளாம்ப் மாட்டும் ஈய முனை) மீட்டர் முனை இருக்கட்டும். கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈய போஸ்டிலேயே வைக்க வேண்டும்.

4.8 வோல்ட் அல்லது அதற்கு மேல் நின்றால் பேட்டரி தேறிவிட்டது. கோளாறு கேபிளில், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

4.5-க்குக் கீழே விழுந்தால் இரண்டு வாய்ப்பு உண்டு: பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. கிளாம்ப் மீட்டர் இதைப் பிரித்துக் காட்டும். 150 முதல் 250 ஆம்பியர் வழக்கம். 400-ஐத் தாண்டினால் மோட்டாரைப் பாருங்கள், 200-லேயே வோல்ட் சரிந்தால் பேட்டரியைப் பாருங்கள். கிளாம்ப் மீட்டர் இல்லையென்றால், நல்லதென்று தெரிந்த இன்னொரு ஆறு வோல்ட் பேட்டரியை மாட்டிப் பார்ப்பதே வழி.

*பேட்டரி தேறியது, மோட்டாருக்கு வோல்ட் வரவில்லை*

இந்த ஒரு சோதனையைத்தான் பலர் செய்வதில்லை. செய்தால் பல பேட்டரிகள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பும்.

மீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் லைவ் போஸ்டில் (எர்த் அல்லாதது), மறுமுனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். 0.2 வரை சரி. பிறகு எர்த் பக்கம்: ஒரு முனை பேட்டரியின் எர்த் போஸ்டில், மறுமுனை மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். இங்கும் 0.2 வரை சரி.

அதற்கு மேல் காட்டினால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டே போங்கள்: போஸ்டிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து லக் (கேபிள் முனையின் வளையம்), லக்கிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து எஞ்சின் பிளாக். எந்த இடத்தில் எண் எகிறுகிறதோ அங்கேதான் குறை. நல்ல இணைப்பு எதிலும் 0.05-க்கு மேல் வராது.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள் இவை.

போஸ்டுக்கும் கிளாம்புக்கும் இடையில் கறுப்பாகப் படிந்த படலம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே படலம் இருக்கும். கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துக் கழுவி, ஈயம் மின்னும்வரை தேயுங்கள். சோடா தண்ணீர் பேட்டரி அறைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசுங்கள். போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் பூச வேண்டாம்.

பட்டை வைத்து இரண்டு ஸ்க்ரூவில் பிடிக்கும் டெம்பரரி கிளாம்ப். ஆறு வோல்ட் வண்டியில் இதற்கு இடமே இல்லை. கேபிளோடு அழுத்திச் சேர்த்த ஈய அல்லது பித்தளைக் கிளாம்ப் மட்டும் போடுங்கள். பிளஸ் போஸ்ட் மைனஸைவிடத் தடிமன். பாசிட்டிவ் எர்த் வண்டியில் எர்த் கிளாம்ப்தான் பெரியதாக இருக்க வேண்டும். சிறிய கிளாம்பைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் போஸ்ட் உள்ளே அசைந்து ஆசிட் கசியும்.

எர்த் லக்குக்குக் கீழே பெயின்ட். ரெஸ்டோரேஷன் முடிந்து புத்தம் புதிதாக வந்த வண்டிகளில் இது நிச்சயம் இருக்கும். சேஸிஸை அழகாகப் பெயின்ட் அடித்து, அதன்மேலேயே எர்த்தை முறுக்கியிருப்பார்கள். லக் உட்காரும் வட்டத்தை மட்டும் இரும்பு தெரிய உரசி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்குங்கள்.

எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான பின்னல் ஸ்ட்ராப். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இது இல்லையென்றால் கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால் வேறு சோதனை தேவையில்லை, ஸ்ட்ராப் போடுங்கள்.

கடைசியாகக் கேபிளின் தடிமன். இன்றைய கார் கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேபிள் பன்னிரண்டு வோல்ட்டுக்குச் செய்தது. போக வர மொத்தம் இரண்டரை மீட்டர் நீளம், 300 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 25 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் மட்டும் அரை வோல்ட் போய்விடும். 50 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட். 70 போட்டால் இன்னும் குறையும். குறைந்தது 50, நீளமான வண்டிக்கு 70. வெல்டிங் கேபிள் வாங்கிப் பொருத்தலாம், வளைந்து கொடுக்கும். ஆனால் அதன் ரப்பரை எண்ணெய் தின்னும், அதனால் உறை போட்டு ஓட்டுங்கள். லக்கை ஹைட்ராலிக் கருவியில் அழுத்தித் தரும் எலக்ட்ரிகல் கடையில் கொடுங்கள். சுத்தியில் நசுக்கிய லக் ஆறு மாதத்தில் தளரும்.

*கேபிள் முழுதும் சரி, அப்படியும் சோம்பல்*

இனி மோட்டாரை இறக்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும். பித்தளை புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உள்சுவரில் உரசினால் பளபளப்பான கீறல் தெரியும். புஷ் மாற்றுவதும் ஆர்மேச்சர் கட்டுவதும் ரிவைண்டிங் கடையின் வேலை. வீட்டில் முயல வேண்டாம். கடையில் கொடுக்கும்போது 'ஆறு வோல்ட்' என்று எழுதியே கொடுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டு வோல்ட் ஃபீல்டு காயில் கட்டித் தரும் வாய்ப்பு உண்டு.

*காலையில் நன்றாக எடுக்கிறது, சூடான பிறகுதான் இழுக்கவில்லை*

இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னால் ஓடுகிறதா என்று பாருங்கள். மாடல் ஏ-ல் ஸ்டியரிங்கின் இடப்பக்க லீவர் மேலே இருக்க வேண்டும். கீழே இழுத்தபடி செல்ஃப் அடித்தால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும், செல்ஃபின் பல்லை ஃப்ளைவீலோடு கோக்கும் பெண்டிக்ஸின் ஸ்பிரிங் உடையும். டைமிங் சரியென்றால் மேலே சொன்ன வோல்ட் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே மறுபடி செய்யுங்கள். குளிரில் தப்பிய இணைப்பு சூட்டில் மாட்டிக்கொள்ளும். அதிலும் எதுவும் இல்லையென்றால் புஷ்.

அறிகுறி 2: 'டக்' என்ற சத்தம் மட்டும், அல்லது அதுவும் இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள்.

விளக்கு அணைந்தேபோனால்: கிளாம்ப் தளர்வு அல்லது பேட்டரி காலி. கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அதுதான்.

விளக்கு பாதியாக மங்கினால்: மோட்டார் இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. செல்ஃபின் சிறிய பல்சக்கரமான பினியன் ஃப்ளைவீல் பல்லில் சிக்கியிருக்கலாம். இக்னிஷனை அணைத்து, மேல் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் விடுபடும்.

விளக்கு மாறவே இல்லையென்றால்: கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை. காலால் அழுத்தும் ஸ்விட்ச் உள்ள வண்டியில் அதன் செம்புப் பொட்டுகள் கருகியிருக்கும். கழற்றி உரசினால் போதும். சோலனாய்டு (மின்காந்த ஸ்விட்ச்) உள்ள வண்டியில் முந்தைய சொந்தக்காரர் யாராவது பன்னிரண்டு வோல்ட் சோலனாய்டு மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஆறு வோல்ட்டில் அது சில நாள் இழுக்கும், சில நாள் இழுக்காது. சோலனாய்டின் சிறிய முனையில் பட்டன் அழுத்தும்போது 5 வோல்ட் பக்கம் வந்தும் அது இழுக்கவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

ஜம்ப் கொடுக்க இன்னொரு ஆறு வோல்ட் பேட்டரியை மட்டும் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு வோல்ட் காரோடு இணைத்தால் செல்ஃப் வேகமாகச் சுற்றத்தான் செய்யும். ஆனால் பெண்டிக்ஸும் ஃப்ளைவீல் பல்லும் அடி வாங்கும், எரியும் பல்பு எல்லாம் போகும், ஆறு வோல்ட் பேட்டரி கொதிக்கும்.

அறிகுறி 3: நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பெட்ரோல் வருகிறது என்று உறுதி செய்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது காயிலின் உள்வரும் முனையில் வோல்ட் அளவெடுங்கள். பேட்டரி போஸ்டில் இருப்பதைவிட 0.3-க்கு மேல் குறைந்தால் இக்னிஷன் ஸ்விட்ச் அல்லது அதன் ஒயர். காயிலைக் கழற்றி முதன்மைச் சுற்றை அளந்தால் ஆறு வோல்ட் காயில் ஒன்றரை ஓம் அளவில் காட்டும். 3 ஓம் காட்டினால் அது பன்னிரண்டு வோல்ட் காயில், பொறி பலமாக வராது. யாரோ சேர்த்த ரெசிஸ்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். 1948 வரையிலான ஃபோர்டு வி8-ல் டேஷுக்குக் கீழே கம்பெனி வைத்த ரெசிஸ்டர் உண்டு, அதைத் தொடாதீர்கள். மாடல் ஏ-ல் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ. இருக்கட்டும்.

அறிகுறி 4: இரவு நிறுத்தினால் காலையில் இறங்கியிருக்கிறது

முழு சார்ஜ் ஏற்றி, எர்த் கிளாம்பைக் கழற்றிவிட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் வோல்ட் பாருங்கள்.

*கழற்றி வைத்தும் இறங்கினால்*

பேட்டரியின் மேற்பரப்பு ஈரமாக, அழுக்காக இருக்கிறதா? மீட்டரின் ஒரு முனையை மைனஸ் போஸ்டிலும் மறுமுனையை மூடியின் பிளாஸ்டிக்மேலும் வைத்து நகர்த்திப் பாருங்கள். வோல்ட் காட்டினால் ஆசிட் படலம் வழியாகக் கரண்ட் ஓடுகிறது. சோடா தண்ணீரில் கழுவித் துடைத்து மறுபடி சோதியுங்கள். சுத்தமாக இருந்தும் இறங்கினால், பிளேட்டிலிருந்து உதிர்ந்த வண்டல் அடியில் சேர்ந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது.

*கழற்றி வைத்தால் இறங்கவில்லை*

வண்டியில் ஏதோ ஒன்று குடிக்கிறது. எர்த் போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே 5 வாட் பல்பைத் தொடராக மாட்டுங்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க பல்பு ஒளிர்ந்தால் கசிவு உண்டு. ஒவ்வொரு ஒயராகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அதுதான் குற்றவாளி. முதலில் பிரேக் லைட் ஸ்விட்ச். 21 வாட் பல்பு ஒன்று எரிந்தாலே 3.5 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 35 ஏஹெச் போய்விடும். அடுத்து கடிகாரம், பிறகு டைனமோ ஒயர்.

டைனமோ ஒயரைக் கழற்றியதும் அணைந்தால், டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது அவசரம். எஞ்சின் நின்ற பிறகும் ஆம்மீட்டர் மைனஸ் பக்கம் சாய்ந்தே நிற்கும், டைனமோ சுடும். உடனே எர்த் கிளாம்பைக் கழற்றுங்கள். தாமதித்தால் டைனமோ வைண்டிங் கருகும், ஒயரும் எரியலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே எர்த் பக்கத்தில் கத்தி வகை கட்-ஆஃப் ஸ்விட்ச் போடுவது நல்லது. பாயிண்டை ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யலாம். மறுபடி ஒட்டினால் கட்-அவுட்டை மாற்றுங்கள்.

அறிகுறி 5: ஓட்டினாலும் சார்ஜ் ஏறவில்லை

எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி ஓடவிட்டு பேட்டரி போஸ்டில் அளவெடுங்கள். ஐட்லிங்கில் அளக்க வேண்டாம். அந்த வேகத்தில் டைனமோ சார்ஜ் கொடுக்காது. டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் 7.0 முதல் 7.2 வர வேண்டும். 6.5-ஐத் தாண்டவில்லையென்றால் கீழ்க்கண்ட வரிசையில் போங்கள்.

ஃபேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 12 மி.மீ. அளவு இறங்கலாம். அதிகம் இறங்கினால் வழுக்குகிறது.

டைனமோ, ரெகுலேட்டர் முனைகள். தளர்வு, பச்சை பூத்தது, ரெகுலேட்டர் உடம்புக்கு எர்த் இல்லாமை.

கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர். டைனமோ உடம்பைச் சுற்றிய பட்டையைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும்.

பேட்டரி அல்லது டைனமோவைக் கழற்றி மாட்டிய பிறகு சார்ஜ் நின்றிருந்தால் டைனமோவைப் போலரைஸ் செய்ய வேண்டும், அதாவது அதன் பிளஸ் மைனஸைப் பேட்டரியோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். இதில் முறை மாறினால் ரெகுலேட்டர் கருகும், அதனால் உங்கள் வண்டியின் வகையைத் தெரிந்துகொண்டு தொடுங்கள். செவர்லேயின் டெல்கோ-ரெமி ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு ஒயரால் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுக்க வேண்டும். ஃபோர்டில் அப்படிச் செய்யக் கூடாது: ஃபீல்டு ஒயரை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, அந்த ஒயரைப் பேட்டரி முனையில் ஒரு கணம் தொட வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளில் வரும் லூகாஸ் டைனமோவில் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் பக்கத்திலிருந்து ஒரு ஒயரால் 'எஃப்' முனையை இரண்டு மூன்று முறை தொட்டு எடுங்கள்.

மாடல் ஏ போல மூன்றாவது பிரஷ் டைனமோவில் ரெகுலேட்டர் கிடையாது, கட்-அவுட் மட்டும்தான். மூன்றாவது பிரஷை ஆர்மேச்சர் சுற்றும் திசையில் நகர்த்தினால் ஆம்பியர் கூடும், எதிர்த்திசையில் குறையும். பகல் ஓட்டத்துக்கு 8 முதல் 10 ஆம்பியர் போதும். பேட்டரி இல்லாமல் இந்த எஞ்சினை ஓட்டவே கூடாது, வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறி டைனமோ போய்விடும்.

இவ்வளவும் பார்த்தும் ஏறவில்லையென்றால் டைனமோவையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே பழைய வண்டி தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் பழியை மற்றொன்றின்மேல் போடுவார்கள்.

அறிகுறி 6: தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, ஆசிட் நாற்றம், மூடியைச் சுற்றி ஈரம்

மூன்று அறையும் சமமாக வற்றினால் ஓவர் சார்ஜ். ஓட்டத்தில் 7.4-க்கு மேல் வருகிறதா என்று அளவெடுங்கள். முதலில் ரெகுலேட்டர் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். எர்த் இல்லாத ரெகுலேட்டரால் வோல்ட்டைக் கட்டுப்படுத்த முடியாது. அதன் பிறகும் குறையாவிட்டால் செட்டிங். அந்த ஸ்பிரிங்கைக் கண்மதிப்பில் வளைக்காதீர்கள், எலக்ட்ரீஷியன் வேலை. மூன்றாவது பிரஷ் வண்டியில் நீண்ட பகல் பயணம் போகும்போது ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுவது பழைய வழி. இன்றும் அது சரியான வழிதான்.

ஒரு அறை மட்டும் வற்றினால் பெட்டியில் விரிசல் அல்லது அந்த அறையில் ஷார்ட். சார்ஜ் ஏறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அல்லது பெட்டி கை வைக்க முடியாதபடி சுட்டால் சார்ஜரை நிறுத்தி, இடத்தைக் காற்றோட்டமாக்கிவிட்டு விலகுங்கள்.

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், பிளேட்டுக்கு மேல் 10 மி.மீ. வரை. இறங்கிய பேட்டரியில் பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏறிய பிறகு மீதியை நிரப்புங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். ஆசிட் ஊற்றினால் கிராவிட்டி ஏறியதுபோலத் தெரியும், உண்மையில் பிளேட் அரிக்கும். பேட்டரி சாய்ந்து கொட்டியிருந்தால் மட்டுமே ஆசிட்.

அறிகுறி 7: ஹெட்லைட் மங்கல்

எஞ்சின் ஓடும்போது பல்பு ஹோல்டரிலேயே வோல்ட் பாருங்கள். ஆறுக்குப் பதில் ஐந்தரை வந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விட்டது. 45 வாட் பல்பு ஒன்றுக்கு 7.5 ஆம்பியர், அது முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போய் வருவதுதான் பிரச்சினை. முதலில் ஹெட்லைட் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். தேறாவிட்டால் ஆறு வோல்ட் ரிலே போட்டு, 4 சதுர மி.மீ. ஒயரில் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே கொடுங்கள். எல்இடி பல்பு வாங்கினால் பாசிட்டிவ் எர்த்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள்.

எட்டு வோல்ட் பேட்டரி போட்டால் எல்லாம் பிரகாசமாகும் என்பார்கள். பல்பு சீக்கிரம் போகும், அதைச் சார்ஜ் செய்ய ரெகுலேட்டரை ஏற்ற வேண்டிவரும். தேவையற்ற வேலை.

அறிகுறி 8: புதிய பேட்டரி மாட்டியதும் ஆம்மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது

பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. செல்ஃப் மோட்டார் எப்படி மாட்டினாலும் அதே திசையில்தான் சுற்றும், அதனால் வண்டி ஓடத்தான் செய்யும்; பொறி பலவீனமாகும், கட்-அவுட் பாயிண்ட் படபடத்துக் கருகும். எஞ்சினை ஓட்டாமல் சரியாக மாற்றி மாட்டி, அறிகுறி 5-ல் சொன்னபடி போலரைஸ் செய்யுங்கள்.

பேட்டரி உண்மையிலேயே போய்விட்டது: என்ன வாங்குவது

முதலில் பேட்டரி உட்காரும் தட்டை அளவெடுங்கள்: நீளம், அகலம், மூடி இறங்கும் உயரம், எந்த மூலையில் எந்தப் போஸ்ட். அமெரிக்க வண்டிகளில் அதிகம் வரும் குரூப் 1 அளவு சுமார் 232 × 181 × 238 மி.மீ. பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கும். உயரம் கூடிய பேட்டரி வைத்தால் சீட் ஸ்பிரிங் போஸ்டில் பட்டுத் தீப்பிடிக்கும். மூடி இல்லாமல் அந்த சீட்டைப் போடவே கூடாது.

கொள்ளளவு 80 முதல் 120 ஏஹெச். மூன்றாவது பிரஷ் டைனமோ உள்ள வண்டிக்குத் தண்ணீர் ஊற்றும் சாதா பேட்டரிதான் பொருத்தம். மூடிய ஏஜிஎம் வகை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்தது) கசியாது, சுத்தம், வேகமாகக் கொடுக்கும். ஆனால் அதில் வற்றியதை நிரப்ப வழியில்லை, அதனால் ரெகுலேட்டர் ஒழுங்காக 7.2-ல் நிற்கும் வண்டிக்கு மட்டும். கோல்ஃப் வண்டிக்கு வரும் ஆறு வோல்ட் பேட்டரி தடித்த பிளேட், உயரமும் அதிகம். இடம் இருந்தால் சமாளிக்கும், முதல் தேர்வாக வேண்டாம். எமர்ஜென்சி லைட், பைக் வகை ஆறு வோல்ட் பேட்டரி எதுவும் செல்ஃபை அசைக்கக்கூட முடியாது.

பழைய கறுப்பு ரப்பர் பெட்டியிலேயே உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்குவது ரெஸ்டோரேஷன் வண்டிக்கு அழகு. அறைக்கு 15 அல்லது 17 பிளேட், எல்லாம் புதிய பிளேட் என்று பேசிக்கொள்ளுங்கள். பெட்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்துக் கசிவு பார்த்த பிறகு பிளேட் இறக்கச் சொல்லுங்கள். முதல் சார்ஜ் 5 ஆம்பியரில் மெதுவாக, கிராவிட்டி மூன்று மணி நேரம் நகராமல் நிற்கும்வரை. அவசரப்பட்டு அரை சார்ஜில் வாங்கிவந்த பேட்டரி முழு பலத்துக்கு வரவே வராது.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிடுவதால் பேட்டரிக்கு நன்மை இல்லை. செல்ஃப் எடுத்ததைக்கூட டைனமோ திருப்பித் தராது. எர்த்தைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை ஆறு வோல்ட் சார்ஜரில் முழுமையாக ஏற்றுங்கள். தொடர்ந்து மாட்டி வைக்கும் மெயின்டெய்னர் என்றால் அது 6.75 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கிறதா என்று முதல் நாளே மீட்டரில் பாருங்கள். 6/12 ஸ்விட்ச் உள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் தானாக நிற்காது; போஸ்டில் 7.2 தாண்டி அறைகள் எல்லாம் குமிழி விடத் தொடங்கினால் 2 ஆம்பியருக்குக் குறைத்து, கிராவிட்டி நின்றதும் நிறுத்துங்கள். ஸ்விட்ச் 12-ல் இருக்கிறதா 6-ல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பிளக்கைச் செருகும் முன் பாருங்கள். கிளிப்பை மாட்டிய பிறகு மெயின்ஸை ஆன் செய்து, மெயின்ஸை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும்.